வைரத்தில் வாங்கிய எஸ்டேட்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பழைய மேனர்களை, அதாவது நிலத்தோடு கூடிய பண்ணை மாளிகைகளைப் பற்றிய காணொளிகளை விரும்பிப் பார்ப்பேன். பல தலைமுறைகளாக ஒரே குடும்பம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நம்மூரில் மூன்றாவது தலைமுறையிலேயே நிலம் துண்டுதுண்டாகப் போய்விடுகிறது. அவர்களுக்கு மட்டும் எப்படிச் சாத்தியமானது? குடும்பத்துக்குள் கட்டுப்பாடும் ஒற்றுமையும் இருந்ததுதான் காரணமா?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒற்றுமையா! மூத்த மகனுக்கே மொத்தமும் என்ற வழக்கம்தான் காரணம். அதனால் நிலம் பிரியாமல் நின்றது, சரி. ஆனால் குடும்பம் நின்றதா என்றால், பல இடங்களில் இல்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் பொகானக் என்றொரு எஸ்டேட். 1579இல் பெட்ஃபோர்டு பிரபுவிடமிருந்து மோஹன் குடும்பம் அதை விலைக்கு வாங்கியது. அந்த வம்சத்தின் கடைசி பிரபு, மாக்கில்ஸ்ஃபீல்டு பிரபுவின் சொத்து யாருக்கு என்று ஹாமில்டன் கோமகனோடு பத்து வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் மல்லுக்கட்டினார். இருவருக்குமே மனைவி வழியில் அந்தக் குடும்பத்தோடு சம்பந்தம். கடைசியில் 1712 நவம்பரில் லண்டன் ஹைட் பார்க்கில் வாளெடுத்துக்கொண்டு மோதி இரண்டு பேருமே செத்தார்கள். வழக்காடியே அழிந்த பங்காளிகளை நாமும் பார்த்திருக்கிறோம், இவர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். மோஹனுக்கு ஆண் வாரிசு இல்லை, எஸ்டேட் மனைவிக்குப் போனது, அவர் விற்றுவிட்டார்.

1717இல் 54,000 பவுண்டு கொடுத்து வாங்கியவர் தாமஸ் பிட், நம் சென்னைக் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்தவர். கவர்னராக இருந்தபோதே ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு, அதாவது சுமார் 20,400 பவுண்டுக்கு, 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒன்றை வாங்கினார். மகன் ராபர்ட் அதைச் செருப்புக் குதிகாலில் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனான் என்பார்கள். அந்தக் கல்லை 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்ற காசுதான் கார்ன்வாலில் நிலமானது. கல் இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பிட் 1726இல் இறந்தார், அடுத்த வருஷமே ராபர்ட்டும் போய்ச்சேர்ந்தார். ராபர்ட்டின் மூத்த மகன் தாமஸுக்கு எஸ்டேட் முழுவதும். இளையவருக்கு வருஷத்துக்கு 100 பவுண்டு, அவ்வளவுதான். அந்த இளையவர்தான் பின்னாளில் பிரதமரான வில்லியம் பிட்! உங்கள் ‘ஒற்றுமை’யின் விலை இது.

அப்புறம் அந்த மூத்த மகன் தாமஸின் பேரன், இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு, 1804இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு வாரிசில்லாமல் இறந்தார். சொத்து அக்கா ஆனிடம் வந்தது. அவர் கணவர் கிரென்வில் பிரபு, இவரும் பிரதமராக இருந்தவர். பிள்ளை இல்லாத ஆன் 1864இல் இறந்தபோது எஸ்டேட் கணவரின் சகோதரி மகனான ஜார்ஜ் ஃபோர்டெஸ்க்யூவுக்குப் போனது. ஆக, பிட் குடும்பத்துக்குப் பிறக்காத ஒருவருக்கு, கல்யாண உறவு மூலமாக! இன்றுவரை பொகானக் ஃபோர்டெஸ்க்யூக்களிடம்தான் இருக்கிறது. அடுத்த காணொளியில் ‘ஒரே குடும்பம்’ என்று வந்தால், நடுவில் எத்தனை மாப்பிள்ளைகள், எத்தனை கிரயப் பத்திரங்கள் என்று மட்டும் பாருங்கள்.