சிறிய சிட்-அவுட்டுக்கு எந்தக் கண்ணாடிக் கதவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்தில் புதிதாக எழும்பும் வீடுகளில், ஹாலிலிருந்து சிட்-அவுட்டுக்கோ (வீட்டை ஒட்டிய திறந்த திண்ணை) பின்முற்றத்துக்கோ திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவு ஏறக்குறைய எல்லா வரைபடங்களிலும் இடம்பிடித்துவிட்டது. மனையோ மூன்று செண்ட், ஐந்து செண்ட் என்று சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, இடத்தை அடைக்காத கதவு எது என்றே கேட்கின்றன. கேள்வி நியாயமானதுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து அடிக்கும் சுவரில் நீர் கசியும் ஒரு கதவைப் பொருத்திவிட்டால், மிச்சப்படுத்திய அந்த இடத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத் துணியும் வாளியும்தான் இருக்கும். அதனால் கீழ்க்காணும் பதில்களில் காற்றையும் மழையையும் முதலில் பார்த்து, அடி அங்குலக் கணக்கை அதன் பிறகே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சிட்-அவுட் 10 அடி நீளம், 5 அடி அகலம். ஹாலிலிருந்து அதற்குத் திறக்க 6 அடி அகலத்தில் கதவு வைக்க இடம் விட்டிருக்கிறோம். இரட்டைக் கதவா, ஸ்லைடிங்கா, ஃபோல்டிங்கா? (நாகர்கோவில்)

கதவு மூடியிருக்கும்போது எந்த வகையும் இடத்தை எடுப்பதில்லை; திறக்கும்போதும் திறந்து நிற்கும்போதும் எவ்வளவு இடம் கேட்கிறது என்பதே கணக்கு. 3 அடி அகலமுள்ள ஒரு கதவுப் பலகை கீலில் திரும்பும்போது தரையில் கால்வட்டமாக ஏறத்தாழ 7 சதுர அடியைத் துடைத்துச் செல்லும். இரண்டு பலகைகளுக்கு 14 சதுர அடி. உங்கள் சிட்-அவுட்டின் மொத்தப் பரப்பே 50 சதுர அடி என்னும்போது, அதில் கால் பங்குக்கும் மேல் நாற்காலியோ செடித்தொட்டியோ வைக்க முடியாத இடமாகிவிடும். உள்பக்கம் திறக்குமாறு வைத்தால் சிட்-அவுட் தப்பும், ஆனால் சோபாவும் திரைச்சீலையும் இடறும். அத்துடன், மழைக்காற்று உள்நோக்கித் தள்ளும் கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்து வைப்பது தாழ்ப்பாள் மட்டுமே என்பதால் நீர் கசியும் வாய்ப்பும் கூடும்.

மூன்று பலகை ஃபோல்டிங் கதவு முழுவதுமாகத் திறக்கும் என்பது உண்மை. மடிந்த பிறகு ஓரத்தில் 2 அடி நீளத்துக்கு, முக்கால் அடிக்கும் குறைவான அகலத்தில் அடுக்காக நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் மடக்கி விரிக்கும் வேலை இருப்பதால், ஒருவர் போய்வருவதற்காக அதை யாரும் முழுதாகத் திறப்பதில்லை.

ஸ்லைடிங் கதவு தரையில் ஓர் அங்குலத்தையும் கேட்காது. அதன் குறை வேறு: இரண்டு பலகைகளில் எதைத் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 6 அடிச் சட்டத்தில் ஓரச் சட்டம், நடுவில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி, கைப்பிடி ஆகியவற்றைக் கழித்தால் நடப்பதற்குக் கிடைப்பது சுமார் 2 அடி 8 அங்குலம். மூன்று ட்ராக்கில் மூன்று கண்ணாடிப் பலகைகள் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். ஆனால் சட்டத்தின் ஆழமும் செலவும் கூடும், கொசுவலைக்கு ட்ராக் மிஞ்சாது. கட்டில், பீரோ போன்றவை எப்படியும் முன்வாசல் வழியாகத்தான் வரப்போகின்றன. எனவே உங்களுக்கு இரண்டு கண்ணாடிப் பலகைகளும், மூன்றாவது ட்ராக்கில் ஒரு வலைப் பலகையும் கொண்ட ஸ்லைடிங் கதவே பொருத்தம்.

கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அலுமினியம் அரித்துவிடும், யு.பி.வி.சி. போடுங்கள் என்கிறார்கள். சரியா? (குளச்சல்)

பாதி சரி. யு.பி.வி.சி. ஒரு வகைக் கெட்டியான பிளாஸ்டிக் என்பதால் உப்புக் காற்றில் அரிக்காது. ஆனால் அதற்குள் விறைப்புக்காகச் செருகப்படும் இரும்புப் பட்டையும், ரோலரும், பூட்டும், திருகாணியும் அரிக்கும். கடலோர வீடுகளில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் சட்டமல்ல, இந்தச் சில்லறைச் சாமான்கள்தான். அதனால் சட்டம் எதுவானாலும் திருகாணி, ரோலர், பூட்டு ஆகியவற்றை 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 தரத்தில் இல்லாத மாலிப்டினம் 316-இல் 2 முதல் 3 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது; உப்பு ஏற்படுத்தும் புள்ளி அரிப்பை எதிர்ப்பது அதுதான்.

யு.பி.வி.சி. வெயிலில் விரிவது அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. விறைப்பும் குறைவு என்பதால் சட்டத்தைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தடிமன் கண்ணாடியின் அகலத்தைத் தின்றுவிடும். 6 அடி வரையிலான கதவுக்கு வெள்ளை நிற யு.பி.வி.சி. நல்ல தேர்வு. 8 அடியைத் தாண்டினாலோ, மெல்லிய சட்டம் வேண்டும் என்றாலோ அலுமினியத்துக்குத்தான் போக வேண்டும். அப்போது கடலோரத்துக்கு என்றே தரப்படும் அனோடைசிங் அல்லது பவுடர் கோட்டிங் என்னும் பாதுகாப்புப் பூச்சுக்கான உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். அலுமினியத்தில் சாதாரண இரும்புத் திருகாணியை முறுக்க விடாதீர்கள். இரண்டு உலோகங்களும் உப்பு ஈரமும் ஒன்றுசேரும் இடத்தில் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும். வெட்டிய முனைகளிலும் துளையிட்ட இடங்களிலும் பூச்சு போயிருக்கும் என்பதால் அவற்றைப் பொருத்துபவர் சீல் செய்தாக வேண்டும்.

பராமரிப்பு எளிது: நல்ல தண்ணீரால் மாதம் ஒரு முறையாவது கழுவுங்கள். கூரைக்கடியில் மழை படாத கதவுக்கு இது இன்னும் அவசியம். மழை நனைக்கும் கதவிலிருந்து உப்பு தானாகக் கழுவப்படுகிறது, நனையாத கதவில் படிந்துகொண்டே போகிறது. கதவு இறுகினால் தேங்காய் எண்ணெயையோ கிரீஸையோ ட்ராக்கில் விடாதீர்கள். கடற்கரை மணல் அதில் ஒட்டி ரோலரை அரைத்துவிடும். ட்ராக்கைப் பெருக்கிவிட்டுச் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் போதும்.

12 அடிக்கு ஃபோல்டிங் கதவு வைக்கலாம் என்று எஞ்சினியர் சொல்கிறார். எங்கள் ஊரில் காற்று அதிகம். தாங்குமா? (ஆரல்வாய்மொழி)

காற்றாலைகள் நிற்கும் கணவாயில் வீடு கட்டிக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். 12 அடிக்கு 7 அடி என்ற உங்கள் திறப்பின் பரப்பு 7.8 சதுர மீட்டர். மொத்தத்தில் 190 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். இந்த விசை முழுவதையும் ஃபோல்டிங் கதவு தன் கீல்களிலும் மேல்கீழ் தாழ்ப்பாள்களிலும் தாங்க வேண்டும். நான்கு பலகைகள் என்றால் நடுவில் மூன்று இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் காற்று விசிலடிக்க ஒரு வழி.

கதவு மேற்குப் பக்கம் பார்க்கிறது என்றால் ஃபோல்டிங் வேண்டாம் என்பதே என் கருத்து. 12 அடியை நான்காகப் பிரித்து, ஓரத்து இரண்டு பலகைகளை நிலையாக வைத்து, நடுவில் உள்ள இரண்டை இருபுறமும் தள்ளும்படி அமைத்தால் 6 அடிக்குச் சற்றுக் குறைவாகத் திறப்பு கிடைக்கும். அசையும் இணைப்புகளும் குறையும். செலவு செய்ய முடியுமானால், கைப்பிடியைத் திருப்பினால் பலகை சற்று உயர்ந்து நகர்ந்து, மறுபடி திருப்பினால் ரப்பர் மீது இறங்கி அமரும் லிஃப்ட் அண்ட் ஸ்லைடு வகையைப் பாருங்கள். சாதாரண ஸ்லைடிங்கில் ஓரங்களை அடைப்பது பிரஷ் போன்ற நூற்பட்டை. அது தூசியைத் தடுக்குமே தவிர ஆடிமாதக் காற்றைத் தடுக்காது. கண்ணாடியின் தடிமனை விற்பவரின் ஊகத்துக்கு விடாமல், உங்கள் இடத்தின் காற்றழுத்தத்துக்குக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அதே வீட்டில் கிழக்குப் பக்கத்தில், கட்டடத்தின் மறைவில் சிட்-அவுட் இருக்குமானால் ஃபோல்டிங் கதவை நான் மறுக்க மாட்டேன்.

அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். ட்ராக் தடுக்காமல் தரையோடு தரையாக வைக்க முடியுமா? (தக்கலை)

வைக்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. ஸ்லைடிங் கதவின் கீழ்ச்சட்டம் உயர்ந்து நிற்பது அழகுக்காக அல்ல. காற்று தள்ளும் மழைநீர் ட்ராக்கில் தேங்கி, வெளிப்பக்கத் துளைகள் வழியாக வடியும் வரை உள்ளே வழியாமல் தடுப்பது அந்த உயரம்தான். அதைத் தரைக்குள் புதைத்துவிட்டால் நீர் போக வேறு வழி செய்தாக வேண்டும்: கதவுக்கு வெளியே முழு நீளத்துக்கும் கம்பிச்சல்லடை மூடிய வடிகால், அதிலிருந்து காம்பவுண்டுக்குப் போகும் குழாய், வெளித்தரைக்குத் தெளிவான சரிவு. இவை மூன்றும் தரை போடுவதற்கு முன்பே அமைய வேண்டும்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் உண்டு என்பதால் இவற்றோடு கூரை நீட்டலும் தேவை. உங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் அரண்மனையில் கூரை எவ்வளவு தாழ இறங்கி வெயிலையும் சாரலையும் சுவரிலிருந்து விலக்கி வைக்கிறது என்று ஒரு முறை நின்று பாருங்கள். 2 அடி சன்ஷேடு செய்ய முடியாத வேலை அது. கதவுக்கு முன்னால் 4, 5 அடி ஆழமுள்ள வராந்தா இருக்குமானால் தரைமட்ட ட்ராக்கைத் துணிந்து வைக்கலாம். இல்லையென்றால், அரை அங்குலத்துக்கு மேற்படாத மேடும் இருபுறமும் சிறு சரிவுப் பட்டையும் போதும், வாக்கர் ஏறிவிடும். நாளை சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்பதால், திறந்த நிலையில் 3 அடி தெளிவாகக் கிடைக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். 6 அடி இரட்டைப் பலகையில் அது கிடைக்காது. 7 அடி வேண்டும்.

கதவைச் சுவருக்குள் தள்ளி மறைத்துவிடும் முறை எப்படி? (மார்த்தாண்டம்)

வெளிக்கதவுக்கு வேண்டாம். 6 அடித் திறப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு 6 அடி வெற்றுச் சுவர் வேண்டும், திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், சுவரும் இரண்டு அடுக்காக எழும்ப வேண்டும். இத்தனைக்குப் பிறகு அந்தப் பொந்துக்குள் போன சாரலையும் எறும்பையும் பல்லி முட்டையையும் யாராலும் வெளியே எடுக்க முடியாது. ஹாலுக்கும் டைனிங்குக்கும் இடையே வைப்பதானால் அருமையான ஏற்பாடு.

சுற்றிலும் தென்னையும் ரப்பரும் நிற்கின்றன. 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடி போதும் என்கிறார் கடைக்காரர். (குலசேகரம்)

போதாது. தரை வரை இறங்கும் கண்ணாடியில் சாதாரணக் கண்ணாடியைப் போடவே கூடாது. ஓடிவரும் குழந்தை மோதினால் அது கத்திபோன்ற துண்டுகளாக உடையும். டஃப்பண்டு கண்ணாடி அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது, உடைந்தாலும் கற்கண்டு போல நொறுங்கும். அதைச் சூடாக்கிப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் அளவும் பூட்டுத் துளையும் முன்பே சரியாக இருக்க வேண்டும். மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2553 முத்திரை அழியாமல் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்ததை உங்கள் பகுதியினருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரத்தடியில் இருக்கும் கதவுக்கு டஃப்பண்டு மட்டும் போதாது. அது நொறுங்கிக் கொட்டிய பிறகு திறந்த ஓட்டையாகிவிடும், மழை முழுவதும் உள்ளே வரும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். அது தென்னை மட்டை வந்து மோதினால் தாங்குவதற்கான ஏற்பாடு. மரமே விழுந்தால் எதுவும் நிற்காது, சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டுவதே வழி.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 3 அடிக்கு 7 அடிப் பலகை 8 மி.மீ. தடிமனில் 39 கிலோ வரும். சட்டத்தின் எடை தனி. ரோலர் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். மரச்சட்டத்தில் வைக்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: தேக்கோ அயனியோ, மழைக்காலத்தில் மரம் ஊதும், கீலில் திறக்கும் கதவுக்கு அது சமாளிக்கக்கூடியது, ட்ராக்கில் ஓடும் கதவு இறுகிவிடும்.

ஆண்டில் பாதி நாள் வெளிநாட்டில் இருக்கிறோம். கண்ணாடிக் கதவுக்குப் பாதுகாப்பு? (கருங்கல்)

ஸ்லைடிங் பலகையை வெளியிலிருந்து தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் ட்ராக்கில் தடுப்புக் கட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் இது விடுபட்டிருக்கிறது. ஒரே கொக்கியுள்ள பூட்டுக்குப் பதிலாகப் பல இடங்களில் கவ்வும் பூட்டு வேண்டும். நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால், கொலாப்சிபிள் கேட்டைக் கதவின் உட்பக்கம் வையுங்கள். மழை படாது, துருப் பிடிக்காது. அது ஒதுங்கி நிற்கும் அகலத்தையும் திறப்பின் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவை எப்போது எடுப்பது? (திங்கள்நகர்)

தரை ஓடு பதித்து, பூச்சு வேலை முடிந்து, சுவர் காய்ந்த பிறகு. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தையும் அவ்வாறே மூன்று இடங்களிலும் அளந்து, கிடைத்தவற்றில் சிறியதை எடுக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துப்போகவில்லையென்றால், கதவை ஆர்டர் செய்வதற்கு முன் மேஸ்திரியைத் திரும்ப அழையுங்கள்.