உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவில் இல்லாத அணிகளுக்கும் உலகக் கிண்ணம் உண்டா?

உண்டு. வெள்ளவத்தையில் தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி இதைத்தான் கேட்டார்: "அண்ணை, தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி உலகக் கிண்ணம் விளையாடினதாமே, உண்மையா?"

உண்மைதான், ஆனால் அது பீஃபாவின் கிண்ணம் இல்லை. பீஃபாவில் 211 சங்கங்கள் இருக்கின்றன. அதற்கு வெளியே நிற்கும் இனங்கள், பிரதேசங்கள், அங்கீகாரம் இல்லாத நாடுகளுக்காக 2013இல் கொனிஃபா என்ற அமைப்பு உருவானது. முதல் போட்டி 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்டில். 2016இல், ஜோர்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவில். 2018இல் லண்டனில், 16 அணிகள். புலம்பெயர்ந்த தமிழர்களின் அணி 2014இலும் 2018இலும் விளையாடியது.

லண்டன் போட்டிதான் சுவாரசியம். அதை நடத்தியது இங்கிலாந்து அல்ல, சோமாலியாவின் துறைமுக ஊரான பராவாவின் பெயரில் ஆடிய, இங்கிலாந்து வாழ் சோமாலியர்களின் அணி! ஐ.நா.வில் இருந்தும் பீஃபாவில் இல்லாத துவாலுவும் வந்தது. இறுதியாட்டம் கோலே இல்லாமல் முடிந்து, பெனால்டியில் வட சைப்பிரசை வென்றது கார்பதால்யா, அதாவது உக்ரைனின் ஹங்கேரியச் சிறுபான்மையினர். பச்சை அட்டையும் அறிமுகமானது. நடுவரோடு வாய்காட்டினால் ஆள் வெளியே, ஆனால் மாற்று வீரர் வரலாம். நம்மூர் மைதானங்களுக்கு அவசரமாகத் தேவை.

அப்புறம், 2020 போட்டி கொரோனாவால் ரத்தானது.

இலங்கை அணியோடு இதைக் குழப்ப வேண்டாம். 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஆகஸ்டில் தடையை நீக்கியது. அது வேறு கதை.