கீமோவை நிறுத்திவிட்டுக் கோயிலில் மண்டலம் இருக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. ஆபரேஷன் முடிந்து, சொன்ன 8 கீமோவில் 2 போட்டாயிற்று. இரண்டாவது போட்டதிலிருந்து ஒரு வாரம் சுருண்டு படுத்துவிட்டாள். இனி கீமோ வேண்டாம், வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரு மண்டலம் தங்கப் போகிறேன் என்கிறாள். என் மாமியார் ஒரு நாட்டு வைத்தியரிடம் கஷாயப் பொடியும் மெழுகு மருந்தும் வாங்கி வந்திருக்கிறார். டாக்டரிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் திட்டுவார் என்கிறார். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஆனால் மறுத்துப் பேசினால் அவள் மனசு விட்டுப் போய்விடுமோ என்று பயம். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சுற்றி வளைக்காமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீமோவை நிறுத்தக் கூடாது. இரண்டாம் நிலை என்பது குணமாக்கிவிடலாம் என்ற நோக்கத்தோடு வைத்தியம் பார்க்கும் கட்டம். கட்டியை எடுத்த பிறகும், ஸ்கேனுக்குத் தட்டுப்படாத செல்கள் உடம்பில் எங்காவது ஒளிந்திருக்கலாம். அவற்றை அழிக்கத்தான் கீமோ. வழக்கமாக 21 நாளுக்கு ஒன்று. ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கினால் இரண்டு கீமோ போய்விடும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவாத புற்றுநோய் இருந்தும் ஆபரேஷன், கீமோ எதையும் ஏற்காமல் மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களைக் கவனித்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட 5 மடங்குக்கும் மேல் இருந்தது. அதே ஆண்டு அதே குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையையும் மாற்று வைத்தியத்தையும் சேர்த்துச் செய்தவர்களில், கீமோவிலோ ரேடியேஷனிலோ ஏதோ ஒன்றை வேண்டாம் என்று தள்ளியவர்கள் அதிகம். இப்படிச் சேர்த்துச் செய்தவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சையை மட்டும் எடுத்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியது. என்னிடம் வரும் குடும்பங்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உடம்புக்குள் போகிற எதுவும் டாக்டர் கண்ணில் பட்டாக வேண்டும். உள்ளே போகாததெல்லாம் உங்கள் மனைவியின் இஷ்டம். விளக்கு போடுவது, ஜபம், நேர்த்தி, அர்ச்சனை, ஊரிலுள்ள எல்லாக் கோயிலுக்கும் நெய் வாங்கித் தருவது, எதற்கும் யார் அனுமதியும் தேவையில்லை.

கோயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? ‘சாமி பார்த்துக்கும்’ என்று சொல்லும் பல பெண்கள், ‘என்னால இன்னொரு தடவை இந்த வாந்தியைத் தாங்க முடியாது’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வீட்டில் சமையல் நின்றுவிட்டதே, புருஷன் வேலைக்கு லீவு போட்டு நிற்கிறாரே, காசு கரைகிறதே என்ற குற்ற உணர்ச்சியும் அதில் இருக்கும். அதனால் தர்க்கம் பேசாதீர்கள். ‘போன கீமோவுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, அதை மட்டும் சொல்லு’ என்று கேளுங்கள். வாந்தியா, வாய்ப்புண்ணா, முடி போனதா, ராத்திரித் தூக்கம் வராததா? சொல்வதை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை டாக்டர் மேசையில் வையுங்கள். வாந்திக்கு இன்னும் பலமான மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மாற்றிக் கொடுக்கலாம், கூட்டிக் கொடுக்கலாம். கீமோவின் அளவையே சற்றுக் குறைக்கவும் வழியுண்டு. ஆனால் ‘கீமோன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருப்பவருக்கு இதெல்லாம் கிடைக்காது. காசுதான் காரணம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் வருமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் இந்த வாரமே கேளுங்கள்.

இனி மாமியார் வாங்கி வந்த பொட்டலத்துக்கு வருவோம். கஷாயப் பொடியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. புற்றுக்குக் கொடுக்கும் பொடிகளில் சீந்தில், அமுக்கரா, நித்யகல்யாணி, சேராங்கொட்டை என்று ஏதாவது ஒன்று அடிக்கடி வருகிறது. சீந்திலும் அமுக்கராவும் சிலருக்கு ஈரலைக் கெடுத்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கீமோ மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவதும் அதே ஈரல்தான். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் அளவு எகிறியிருந்தால், காரணம் கீமோவா கஷாயமா என்று டாக்டருக்குப் புரியாது. அவர் கீமோவைத் தள்ளிப் போடுவார், அல்லது அளவைக் குறைப்பார். நல்லது என்று நினைத்துக் கொடுத்ததே சிகிச்சையைத் தடுத்துவிடும். மெழுகு இன்னும் யோசிக்க வேண்டியது. மெழுகு, பற்பம், செந்தூரம் வகைகளில் பாதரசம், கந்தகம், தாளகம் (ஆர்சனிக் கலந்த தாது) சேர்ந்தவை நிறைய உண்டு. முறையாகச் சுத்தி செய்ததா என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீமோ நடக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கும் புதிய சுமை வேண்டாம்.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று அத்தை கேட்பார். நித்யகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டு மல்லி என்று நம் பக்கம் சொல்கிற அதே செடி. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் அதிலிருந்துதான் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1960-களிலிருந்து வின்கிரிஸ்டின் கொடுத்து வருகிறோம். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படி எடுத்ததை ஒரு ஊசியில் ஒன்று இரண்டு மில்லிகிராம்தான் ஏற்றுகிறோம், அதற்கு மேல் போனால் நரம்பு கெடும் என்பதால். அந்த இலையைக் கைப்பிடி போட்டுக் கொதிக்க வைத்தால் எவ்வளவு இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? மூலிகைக்குச் சக்தி இருக்கிறது. அதனால்தான் அளவு தெரியாமல் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

முள்சீத்தா பழம் பற்றி வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஒரு வீடியோ வருகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் அதன் சாறு புற்றுசெல்லைக் கொன்றது உண்மை. மனிதர்களில் அப்படி நிரூபணம் ஆகவில்லை. அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புகளுக்கு நஞ்சு. மஞ்சள், மிளகு குழம்பிலும் ரசத்திலும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் மஞ்சள் சத்து, மிளகுச் சத்து என்று கேப்சூலாக வருவது வேறு சங்கதி. பின்னாளில் டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை எழுதினால், இவை இரண்டும் சேர்ந்து அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைப்பதாக நெதர்லாந்தில் 2019-ல் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலைச்சாறு போன்றவை பச்சையாக அரைப்பவை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அதிலுள்ள கிருமியே போதும் ஆளைப் படுக்க வைக்க. ஆட்டுக்கால் சூப், நன்றாக வேகவைத்த ஈரல், முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். அத்தைக்கு ஏதாவது செய்துகொடுக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சமையல் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். பொட்டலத்தைப் பற்றிய பேச்சு பாதியாகக் குறையும்.

சித்த மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் கீமோ அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். அவர் தருகிற மருந்தின் பெயரை எழுதி வாங்கி உங்கள் கேன்சர் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ‘கீமோ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பார். எரிந்து விழும் டாக்டர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். விழுந்தாலும் விழட்டும், மறைக்காதீர்கள். ‘கேன்சருக்கு 100 சதவீதம் கேரண்டி’ என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கும் திசைக்கே போக வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதை 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. பட்டியலில் புற்றுநோய் பெயர் சொல்லியே இருக்கிறது.

மருந்தில்லாமல் உதவுகிறவையும் உண்டு. யோகா, மூச்சுப் பயிற்சி, தியானம், இசை இவை மார்பகப் புற்றுநோயாளிகளின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கின்றன என்பதை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2018-ல் தன் வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டது. குமட்டலுக்கு ஒரு சின்ன வழி: உள்ளங்கையை மேல் பார்த்து வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல்கடை முழங்கைப் பக்கம் தள்ளி, நடுவில் கயிறுபோல் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திவிடுங்கள். டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல. நீங்களே உட்கார்ந்து அழுத்திவிட்டால் நல்லது. ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையில்.

சரி, வைத்தீஸ்வரன் கோயில். போகச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். நாளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கீமோ போட்டு 7-வது நாளிலிருந்து 14-வது நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது கூட்டம் ஆகாது. மூன்றாவது வாரத்தில் தேறிவிடும். அந்த வாரத்தில், செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் இல்லாத ஒரு நாளில், நடை திறந்த கையோடு போய் வந்துவிடலாம். முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். அங்கே தரும் திருச்சாந்து உருண்டையை வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் விழுங்க வேண்டாம், கீமோ முடியும்வரை பூஜை அறையில் இருக்கட்டும். சித்தாமிர்த தீர்த்தத்தைத் தலையில் லேசாகத் தெளித்துக்கொண்டால் போதும், குடிப்பதும் முழுகுவதும் வேண்டாம். மிச்சமிருக்கும் முடியைக் காணிக்கை கொடுக்க நினைத்தால் சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போடச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கீறல் சீழ் பிடித்தால் போதும், கீமோ தள்ளிப்போகும். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் காப்புக்கயிறை இறுக்கிக் கட்டக் கூடாது, கை வீங்கலாம். மறு கையில் கட்டலாம். ரேடியேஷன் ஆரம்பித்த பிறகு விபூதி, சந்தனம், மந்திரித்த எண்ணெய் எதையும் அந்த இடத்தில் பூச வேண்டாம், நெற்றியோடு நிற்கட்டும். விரதம் இருக்கவே கூடாது. யாராவது இருந்தாக வேண்டும் என்றால் நீங்கள் இருங்கள். மனைவிக்காகப் புருஷன் விரதம் இருப்பதை எந்தச் சாமியும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், நடுராத்திரியானாலும் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கோயிலில் மண்டலம் தங்குவதை இப்போது நான் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு அந்த 48 நாளை வைத்துக்கொள்ளட்டும். வேண்டுதலை இப்போதே முடிந்து வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை என்ற பெயரில் ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். ‘தோஷம் இருக்கு’, ‘யாரோ செய்வினை வெச்சுட்டாங்க’, ‘போன ஜென்மத்துப் பாவம்’, ‘உனக்கு நம்பிக்கை பத்தலை, அதான் குணமாகலை’ என்று வருகிறவர்கள். பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்களும் இவர்கள்தான். இந்த நோய் வந்ததற்கு அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

உங்களுக்கு நம்பிக்கை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இருப்பதுபோல் நடிக்கவும் வேண்டாம். கூட வாழ்ந்தவருக்கு அது தெரிந்துவிடும். ‘எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்லை, உனக்கு இருக்கு. உன்கூட வந்து நிக்கிறேன்’ என்று சொன்னால் போதும். அவர் சாமி கும்பிடும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். பதிலுக்கு அவரிடமும் ஒன்று கேட்கலாம்: ‘நீ சொன்ன கோயிலுக்கு நான் வந்தேன், நான் சொன்ன டாக்டரை நீ இன்னொரு தடவை பார்.’ ராத்திரியில் உங்களுக்கே தாங்கவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் முடியாது என்றால்? உடம்பு அவருடையது, முடிவும் அவருடையதுதான். மாத்திரையைச் சாப்பாட்டில் கலப்பது, பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்குவது இதிலெல்லாம் இறங்காதீர்கள். உங்கள் மேலுள்ள நம்பிக்கை ஒருமுறை போனால் நீங்கள் சொல்லும் எதையும் அப்புறம் கேட்க மாட்டார். டாக்டரிடம் தனியாக நேரம் கேட்டு மூன்று பேரும் உட்காருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்) பாசிட்டிவ் என்று இருந்தால், ஊசி வேண்டாம் என்பவர்கூட ஹார்மோன் மாத்திரைக்குச் சம்மதிப்பதுண்டு. கீமோவுக்கு அது முழு ஈடாகாது, ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். செக்கப் தேதிகளை விடாதீர்கள். சில வாரம் கழித்து மனம் மாறினால், வெட்கப்படாமல் அதே டாக்டரிடம் உடனே கூட்டிப் போங்கள். மீதியை எப்படித் தொடர்வது என்று அவர் பார்த்துக்கொள்வார்.