பட்டியல் வேண்டாம், பக்கத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ‘இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுப் பகிர்ந்துகொள்கிறோம். ஆளுக்கு நான்கைந்து தலைப்புகளைச் சொல்வதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. ஆசிரியராகிய நீங்கள் தற்போது படிக்கும் நூல்களின் பட்டியலை வெளியிட்டால் எங்களுக்கு வழிகாட்டியாக இருக்குமே?

(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: கூட்டம் தலைப்புகளோடு முடிந்துவிடுகிறதே என்று வருத்தப்படும் நீங்கள், அடுத்த வரியிலேயே என்னிடமும் தலைப்புகளைத்தான் கேட்கிறீர்கள். ‘பட்டியல்’ என்ற அந்தச் சொல்லை இந்தப் பக்கத்தில் நான் முன்பே எதிர்த்திருக்கிறேன், இன்றும் எதிர்க்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால், சென்னைப் புத்தகக் காட்சியை முன்னிட்டு, ‘இந்த ஆண்டு நான் வாசித்த நூல்கள்’, ‘கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு நூல்கள்’ என்று நாலா பக்கமிருந்தும் பட்டியல்கள் வந்து குவிகின்றன. இந்தப் பழக்கத்தைக் கண்டித்து நான் எழுதியபோது, பட்டியலைப் பார்த்து ஒருவராவது ஒரு நூலை வாங்கினால் அது நன்மைதானே என்று நண்பர்கள் சிலர் சினந்து எழுதினார்கள். நூல் விற்பது நன்மைதான். அதை எப்போதும் நான் மறுத்ததில்லை. ஆனால் ஒருவருடைய கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே பட்டியல் சொல்கிறது. அந்த நூல் அவரை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. உங்கள் கூட்டத்தில் நீங்கள் உணரும் குறை அதுதான்.

ஆகவே ஒரே ஒரு நூலைச் சொல்கிறேன். நான் இப்போது மறுபடியும் படித்துக்கொண்டிருப்பது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அதிலும் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த 1880ஆம் ஆண்டைப் பற்றிய அத்தியாயங்களைத் தாண்ட மனமில்லாமல் சில நாட்களாக அங்கேயே நிற்கிறேன். காரணம் உங்கள் கேள்வியோடு நேராகத் தொடர்புடையது. ‘என்ன படித்திருக்கிறீர்கள்?’ என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்டதால் ஓர் இலக்கியத்தின் வரலாறே திரும்பியது என்றால், அது அந்த ஆண்டில், அந்த ஊரில் நடந்தது.

அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகரின் சொல்லை ஏற்று அவரைப் பார்க்கச் சென்றார் இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியர். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று முதலியார் விசாரித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்றார் இவர். அந்தப் பெயரைக் கேட்டும் முதலியாரிடம் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. என்னென்ன நூல்களைப் பாடம் கேட்டிருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். இவர் அந்தாதிகளில் தொடங்கினார். பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஒவ்வொரு வகையிலும் தாம் கற்றவற்றை அடுக்கிக்கொண்டே போனார். இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல் கேட்டு, அந்த அடுக்கைத் தம் ஒரே வாக்கியத்தால் முதலியார் நிறுத்தினார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் சொன்ன பிறகும் அவர் நிறைவடையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்கள் எவற்றையேனும் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பெயர் சொன்னார். நூல் கிடைக்கவில்லை, அதனால் படிக்கவில்லை என்பதே ஆசிரியரின் விடையாக இருந்தது.

இந்த உரையாடலை எல்லோரும் முதலியாரின் கேள்விக்காகவே நினைவுகூர்கிறார்கள். அதற்குப் பின் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல் அதைத் தாமும் கூட இருந்து கேட்க விரும்பினார். தாம் படித்திராத நூலை அவருக்குப் பாடம் சொல்ல வேண்டிய நிலையில் சாமிநாதையர், ஒவ்வொரு செய்யுளாகப் புரிந்துகொள்ள முயன்றார். எங்கே புரியவில்லை என்பதை மறைக்காமல், புரிந்தவர்களைத் தேடிப் போனார். அந்தத் தேடல்தான் 1887இல் அச்சேறிய சிந்தாமணிப் பதிப்பாக முடிந்தது. அதைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் வரிசையாக வெளிவந்தன. கேட்டவரிடம் மேலும் கேட்கும் துணிவும் கொடுக்க ஒரு பிரதியும் உடன் உட்காரப் பொழுதும் இருந்தன. சொன்னவரிடம் ‘இதைப் படிக்கவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் சந்திப்பு, இரண்டு படித்த மனிதர்கள் நூற்பெயர்களைப் பரிமாறிக்கொண்ட ஒரு மரியாதைச் சந்திப்பாகவே கலைந்திருக்கும்.

இதே பகுதியில் இன்னொரு காட்சி வருகிறது. சிந்தாமணி சமணக் காப்பியம்; அதில் வரும் சமண சமயச் செய்திகளில் எழுந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீடொன்றுக்குச் சாமிநாதையர் செல்கிறார். வீடு விழாக்கோலத்தில் இருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரிக்கிறார். பல மாதங்களாகச் சிந்தாமணியை வாசித்துவந்தோம், இன்று நிறைவு செய்தோம், அதற்கான கொண்டாட்டம் இது என்கிறார்கள். தமிழ் படித்தவர்களே பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு காப்பியத்தை, அதே ஊரில் ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்து கேட்டு, முடித்த நாளைத் திருநாளாக்கியிருக்கிறது. ‘இப்போது என்ன படிக்கிறீர்கள்?’ என்று அவர்களைக் கேட்டிருந்தால் ஒற்றைப் பெயர்தான் விடையாக வந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் அதைப் பற்றி எவ்வளவு பேசியிருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கூட்டத்துக்கு முன்மாதிரி வேண்டுமானால் என்னிடம் வராதீர்கள். அந்த வீட்டுக்குப் போங்கள்.

‘என் சரித்திரம்’ வெளிவந்த முறையையும் இங்கே சொல்ல வேண்டும். அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. தொடராக வந்த காலத்தில் அதைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் நின்றார்கள். அடுத்து என்ன என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. இந்த ‘நடுவில் நிற்றல்’ வாசிப்பில் மிக விலைமதிப்பான நிலை என்பது என் உறுதியான கருத்து. ஒரு நூலை முடித்துவிட்டவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்: நன்று, நன்றன்று, வாசிக்கலாம், வேண்டாம். நடுவில் நிற்பவரிடம் ஐயம் இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது, இந்தப் பாத்திரம் ஏன் இப்படிச் செய்கிறது என்ற தவிப்பு இருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கள் தமிழ்நாட்டில் திண்ணைகளிலும் ரயில் பெட்டிகளிலும் பேசப்பட்டதற்கும், வீட்டுப் பெண்கள் அவற்றைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துப் பைண்டு செய்து அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததற்கும் இந்தத் தவிப்பே காரணம். உங்கள் நண்பர்கள் கேட்கும் கேள்வியில் உள்ள ‘இப்போது’ என்பதை அதனால்தான் நான் மதிக்கிறேன். ‘இப்போது’ என்று கேட்டுவிட்டு நூலின் பெயரை மட்டும் வாங்கிக்கொள்வது, அந்தக் கேள்வியை வீணடிப்பதாகும்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் எந்த நூல் என்று கேட்ட கையோடு எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வாசிப்பு நெடுங்காலம் செவிவழியாகவே நடந்தது; ஒருவர் படிக்கப் பலர் கேட்ட படிப்பகங்களும் தேநீர்க் கடைகளும் தமிழ்நாட்டு அரசியலையே மாற்றியிருக்கின்றன; ஆகவே உரக்க வாசிப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எவரும் கூச வேண்டியதில்லை. நாற்பதாம் பக்கத்தில் கைவிட்ட நூல் இருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். ஏன் விட்டார் என்பது, ஐந்து நூல்களை ஏன் பாராட்டுகிறார் என்பதைவிட அவரையும் நூலையும் நன்றாக விளக்கும். ஒரு கூட்டத்தில் மூவர் பேசினால் போதும். மற்றவர்கள் கேட்கட்டும், குறுக்கே கேள்வி எழுப்பட்டும்.

இன்னொரு கேள்வியையும் விடாமல் கேளுங்கள்: அந்த நூல் உங்களுக்கு எங்கே கிடைத்தது? இது எனக்கு ஓயாத பல்லவி என்று பழைய வாசகர்கள் அறிவார்கள். கிடைக்காத நூலைப் பற்றிய பேச்சு எவருக்கும் வாசிப்பாக மாறுவதில்லை. முதலியாரின் கையில் பிரதி இல்லாதிருந்தால் அவருடைய கேள்வி வெறும் குத்தலாகவே போயிருக்கும். இந்த உண்மையைச் சட்டமாகவே வகுத்தவர் உங்கள் சோழநாட்டுக்காரர். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாம் விதி. அலமாரியில் எவரும் தொடாமல் கிடக்கும் நூலுக்கு ஒரு வாசகரைத் தேடிக் கொடுப்பதும் நூலகத்தின் கடமை என்கிறது அந்த மூன்றாம் விதி. ‘நான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த இடத்தில் நிற்கிறேன், நம் கிளை நூலகத்தில் இது இருக்கிறது’ என்று ஒருவர் தம் நண்பரிடம் சொல்லும்போது, சம்பளம் வாங்காமல் அந்தக் கடமையைச் செய்கிறார்.

அதே 1931இல்தான் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. நீங்கள் மன்னார்குடியிலிருந்து எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த முயற்சிக்குப் பின்னால் நின்ற கனகசபைப் பிள்ளையின் பெயர் உங்கள் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின்படி நூலக வரி வசூலிக்கப்படுகிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அது தனி வரியாகவே இருக்கும். பணம் கொடுத்துவிட்டு நூலகத்துக்குள் காலடி வைக்காமல் இருப்பதையும், பிறகு ‘நல்ல நூல்கள் கிடைப்பதில்லை’ என்று கூட்டத்தில் குறைப்படுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்றே ஓர் அமைப்பு உண்டு; பல ஊர்களில் அது பெயரளவில் இருக்கிறது. உங்கள் கூட்டத்தை வீட்டு மாடியிலிருந்து அங்கே மாற்றுங்கள். நூலகரிடம் சொல்லி, அந்த மாதம் பேசப்படும் நூலின் பிரதிகளை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். இல்லாத நூல்களை எழுதி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கூட்டாகக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பட்டியல் போட்டே தீர வேண்டும் என்ற ஆசை உங்கள் நண்பர்களுக்கு இருந்தால், போட வேண்டிய பட்டியல் அது ஒன்றுதான்.

அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்தில் ஒரு பத்தியை உங்களைப் போன்ற வாசகர்களுக்கென ஒதுக்குகிறேன். ஒரே ஒரு நூல். அதில் நீங்கள் இப்போது நிற்கும் பக்கம். அந்த இடத்தில் உங்களை நிறுத்தியது எது. நூல் எங்கிருந்து கிடைத்தது. இந்த நான்கையும் 150 சொற்களுக்குள் எழுதி அனுப்புங்கள். நூலை முடித்துவிட்டவர்கள் எழுத வேண்டாம். முதல் கடிதம் மன்னார்குடியிலிருந்து வர வேண்டும் என்று விரும்புகிறேன்.