வேலை தேடுவோருக்கு வழிகாட்டியவர் ஓய்வுபெறுகிறார்: கேள்வி பதில்

வேலைவாய்ப்பு ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெறும் ஒருவரிடம், வேலை தேடுவோரும் அதே துறையில் இருப்போரும் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

கேள்வி: அம்மா, பிறருக்கு வேலை தேடித் தருவதையே வேலையாகக் கொண்டிருந்த உங்களுக்கு ஓய்வை நினைத்தால் பயமாக இல்லையா?

பயம் உண்டு. எதைக் கண்டு பயப்படுகிறேன் என்பது தெரிந்திருப்பதால் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றோர் ஆலைக் குடியிருப்பு. ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்ட பிறகு, 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆய்வு நடத்தினார்கள். நாள் முழுவதும் ஓய்வு இருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். வீட்டு வேலை அவர்களை விட்டுப் போகவில்லையே!

சம்பளத்தோடு வேலை வேறு ஐந்தையும் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் வகுத்துச் சொன்னார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், சும்மா இருக்க விடாத இயக்கம். என் எதிரே வந்து அமர்ந்தவர்கள் இழந்திருந்தது இவற்றைத்தான். ஓய்வுபெறுகிறவரும் இவற்றையே இழக்கிறார். ஓய்வூதியம் சம்பளத்துக்குத்தான் ஈடு. மற்றவற்றை நாமே தேடிக்கொள்ள வேண்டும். அதனால், விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு நூலகத்தில் உதவ இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறேன். நாளும் நேரமும் குறித்தாகிவிட்டது. "முடிந்தபோது வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் போகவே மாட்டேன்.

கேள்வி: எத்தனையோ விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டேன், ஒரு பதிலும் இல்லை. என்னிடம்தான் ஏதோ குறையா?

பதில் வராததை உங்கள் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிப்பவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் நெருக்கியடிக்கிறார்கள். வேறு வாசலும் இருக்கிறது.

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தள்ளி நிற்பவர் வேறு வட்டத்தில் நடமாடுகிறார். புதுச் செய்தி அங்கிருந்துதான் வரும்.

எனவே பழைய சக ஊழியர், உடன் படித்து விலகிப்போனவர், பயிற்சி வகுப்பில் அறிமுகமானவர் ஆகியோரின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். அவர்களிடம் வேலை கேட்காதீர்கள். வேலை கேட்டால் "இப்போது ஒன்றும் இல்லையே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்கள் துறையில் இப்போது எப்படிப்பட்ட ஆட்களைத் தேடுகிறார்கள்? கால்மணி நேரம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். முடிக்கும்போது, "இன்னும் யாரிடம் பேசலாம்?" என்று கேட்க மறக்காதீர்கள். வெட்கம் தடுக்கும். அந்த வெட்கத்தோடுதான் என்னிடம் வந்த மிகத் திறமையான பலரும் போராடினார்கள்.

கேள்வி: இடையில் ஒரு வருடம் வேலையில் இல்லை. தன்விவரக் குறிப்பில் மறைத்துவிடலாமா?

மறைக்க வேண்டாம், நேர்காணல் முழுவதும் அந்தப் பயம் உங்கள் முகத்தில் இருக்கும். இடைவெளி பாதிக்கும் என்பது உண்மைதான். அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. வேலையில்லாத காலம் நீள நீள நேர்காணல் அழைப்பு குறைகிறது, அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது என்று அது கண்டது. ஆகவே வேலை போனதும் "கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் தேடலாம்" என்று சொல்பவர்களிடம் உடனே தொடங்கச் சொல்வேன். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, பரவாயில்லை. காரணத்தை ஒரே வரியில் நேராக எழுதுங்கள். அந்தக் காலத்தில் கற்றது, பகுதிநேரமாகச் செய்தது, பொறுப்பேற்றது எதுவாக இருந்தாலும் அடுத்த வரியில் வரட்டும்.

கேள்வி: வேலை நிச்சயம் என்கிற ஏஜென்சி முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலை தேடுபவரிடம் தனியார் முகமைகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. விலக்குகள் குறைவு. ஆள் தேவைப்படுவது நிறுவனத்துக்கு. செலவையும் அதுவே ஏற்கட்டும்.

கேள்வி: முயற்சி செய்தால் எல்லாருக்கும் வேலை கிடைக்கும் என்கிறார்களே, உங்கள் அனுபவம் என்ன?

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். நூறு பேருக்கு அறுபது இடங்கள்தான் இருந்தால், எவ்வளவு நல்ல ஆலோசனை சொன்னாலும் நாற்பது பேர் வெளியேதான் நிற்பார்கள். யார் வெளியே நிற்பது என்பதை வேண்டுமானால் ஆலோசனை மாற்றலாம். பிரிட்டனில் 1909இல் சட்டம் இயற்றி, 1910 பிப்ரவரியில் அரசு வேலைவாய்ப்பு நிலையங்களைத் திறந்தார்கள். ஆளும் இடமும் ஒன்றையொன்று தேடி வீணாக அலையாமல் இருக்க அவை உதவின. இல்லாத இடத்தை உண்டாக்க அவற்றாலும் முடியாது. அது பொருளாதாரத்தை நடத்துகிறவர்களின் பொறுப்பு. வேலை கிடைக்காதவரைச் சோம்பேறி என்று சொல்லும் ஆலோசகர் வேறு தொழிலுக்குப் போய்விடலாம்.

கேள்வி: நான் இந்தப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதலில் எதைக் கற்க வேண்டும்?

பேசாமல் கேட்க. வந்தவர் சொல்லும் முதல் காரணம் பெரும்பாலும் உண்மையான காரணமாக இருக்காது. "நேர்காணலில் தடுமாறுகிறேன்" என்பவர் வீட்டில் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அது தெரியாமல் நேர்காணல் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

அடுத்து, வேலையிடங்களை நேரில் போய்ப் பாருங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு சத்தம், மேற்பார்வையாளர் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அறிவிப்பில் இருக்காது. வேலையில் சேர்ந்தவரை முதல் மாதத்துக்குள் ஒருமுறை தொலைபேசியில் விசாரியுங்கள். பாதியில் விட்டுவிடும் எண்ணம் அப்போதுதான் தலைகாட்டும்.

கேள்வி: நானும் விரைவில் ஓய்வுபெறும் ஆலோசகர்தான். கையில் இருப்பவர்களை எப்படி ஒப்படைப்பது?

கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நெடுநாளாக வேலை கிடைக்காதவர்களை முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் புதிய ஆலோசகரோடு ஒரே அறையில் அமர வைத்துப் பேசுங்கள். தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது அவர்களுக்குப் பெரிய வேதனை. நீங்கள் சுருக்கிச் சொல்லுங்கள், அவர் திருத்தட்டும். எந்த நிறுவனத்தில் யார் இரக்கத்தோடு ஒரு வாய்ப்புக் கொடுப்பார் என்பது உங்கள் நினைவில் மட்டும் இருந்தால், அதையும் எழுதிக் கொடுங்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று யாரிடமாவது சொல்லியிருந்தால், கடைசி நாளுக்குள் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுங்கள். தனிப்பட்ட விவரங்களின் நகல் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். பிறகும் யாராவது உங்களை அழைப்பார்கள். பேசுங்கள், நலம் விசாரியுங்கள். வேலை பற்றிய பேச்சு வந்தால் புதியவரின் எண்ணைக் கொடுங்கள்.