முழு மடலையும் எடுக்க வேண்டாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. வலது நுரையீரல் ஓரத்தில் 1.8 செ.மீ. புற்றுக்கட்டி. கட்டி இருக்கும் மடலை (நுரையீரலின் பெரும் பிரிவை) முழுதாக எடுக்காமல் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். இது அரைகுறை வைத்தியமா? — வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லையம்மா. நான் படித்த காலத்தில் மடலையே எடுக்கச் சொல்வோம். 1995இல் வெளியான ஆய்வு அதைத்தான் சொன்னது. 2022இல் வந்த ஜப்பானிய ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. அதில் சேர்க்கப்பட்டவை 2 செ.மீ.க்கு மிகாத ஓரக்கட்டிகள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், மடல் எடுத்தவர்களில் 91 சதவீதம், பகுதி எடுத்தவர்களில் 94. ஆனால் பகுதி எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கமே நோய் திரும்பியது ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே அறுவைக்குப் பிறகு எடுக்கச் சொல்லும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் பரவியிருக்கிறதா என்று அறிய நிணநீர் முடிச்சுகளை அறுவையின்போதே பரிசோதிப்பார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், அப்பா புகைப்பவரா? விட்டுவிட்டாரா? அதை எழுதவே இல்லையே.