திருகோணமலையில் இருந்துகொண்டு சொந்தச் செலவில் ஒரு தமிழ்ப் புத்தகம் போட எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் பிடிக்கும்?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 112 பக்கம், 300 பிரதி, வண்ண அட்டை. 2023 இல் எனக்கு அச்சுக்கூலி கடதாசியோடு 1,35,000 ரூபா, பக்க வடிவமைப்பு பக்கத்துக்கு 120 வீதம் 13,440, அட்டை வரைந்த தம்பிக்கு 8,000, கொழும்பிலிருந்து பஸ்ஸில் பெட்டிகள் வந்து சேர 2,500. மொத்தம் 1,58,940. ஒரு பிரதி 530 ரூபாவுக்குக் கிட்ட. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், சிற்றுண்டி என்று இன்னும் 42,000. ஜனவரியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. இன்றைய விலை வேறாக இருக்கும், மூன்று அச்சகத்திலாவது கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் எழுதி முடித்துவிட்டீர்கள், விழாத் திகதியும் மனதில் விழுந்துவிட்டது என்று தோன்றுகிறது. அந்தத் திகதியைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பா திருகோணமலைக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமமான சல்லியில் கரைவலை, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, இழுத்தவர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளையும், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் அவர்கள் வைத்திருக்கும் சொற்களையும் பல வருடமாக அப்பியாசக் கொப்பிகளில் எழுதி வந்தேன். 2021 இல் ஓர் அச்சகத்தில் விலை கேட்டபோது இதில் பாதிகூட வரவில்லை. திருத்திவிட்டுப் போடலாம் என்று தள்ளிவைத்தேன். 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லை என்று ஒத்திவைத்தார்கள். புத்தகத்துக்கு எங்கே போவது? ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது சொன்ன விலைதான் மேலே இருப்பது. அதனால் அச்சகம் தரும் விலை எத்தனை நாள் வரை செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்க எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களைப் பாரம் என்பார்கள், ஒரு பாரம் 16 பக்கம். எனக்கு முதலில் 118 பக்கம் வந்தது. அந்த ஆறு பக்கத்துக்காக எட்டாவது பாரத்துக்குக் காசு கட்ட மனம் வரவில்லை, வாழ்த்துரைகள் இரண்டை எடுத்தேன், ஏழு பாரத்தில் அடங்கியது. எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஐ.எஸ்.பி.என். என்ற, நூலுக்கான சர்வதேச அடையாள இலக்கத்துக்குக் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பிக்க வேண்டும். பின்னட்டை வரைவதற்கு முன்பே அது கையில் இருக்கட்டும். சட்டப்படி 5 பிரதிகள் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போக வேண்டும், அது அச்சகத்தின் பொறுப்பு. ஆனாலும் அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

காலத்தைத் தின்பது அச்சு இயந்திரம் அல்ல, மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படி. எனக்கு மூன்று மெய்ப்புக்கு மூன்று மாதம் போனது. நான் யுனிகோடில் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். அச்சகத்தின் பழைய மென்பொருளில் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடும் என்று மாற்றினார்கள். மாற்றியதும் கொம்புகள் இடம் மாறின. மூன்றாவது மெய்ப்பில் எல்லாம் சரி. பிறகு காற்றுகள் பற்றிய ஓர் அத்தியாயத்தில் நான் இரண்டு பந்தி சேர்க்க, அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பவும் மாற்றினார்கள். நான்காவது மெய்ப்பு கேட்டிருக்க வேண்டும். ஆனால் அழைப்பிதழ் போய்விட்டது, பிரதம விருந்தினருக்கு வேறு ஞாயிறு கிடையாது, “இரண்டு பந்திதானே டீச்சர், நாங்கள் பார்க்கிறோம்” என்றார்கள். சரி என்றேன்.

விழாவன்று காலை பஸ் நிலையத்தில் பெட்டிகளை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பிரதியை அப்பாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து வாசித்தார். 41ஆம் பக்கத்தில் விரல் நின்றது.

“பிள்ளை, இது எந்தக் காத்து?”

சோளகம். சோவின் கொம்பு பிய்ந்துபோய் ளவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ‘சாளேகம்’ என்று நின்றது. அந்த அத்தியாயம் முழுக்க, பதினொரு இடத்தில். எங்கள் கரையில் கடலை அமைதியாக்கித் தொழிலைத் தருகிற காற்றின் பெயர் அது. அதை எழுதிவைக்கத்தான் புத்தகமே போட்டேன். அம்மாவும் தங்கச்சியும் நானுமாக மத்தியானம் வரை நீலப் பேனையால் நூறு பிரதிகளைத் திருத்தினோம். மிச்சத்துக்குப் பிழைதிருத்தத் துண்டு ஒட்டினோம்.

விழாவில் வந்தவர்கள் உறையில் வைத்துத் தந்தது 1,18,000 ரூபா. எங்கள் ஊரில் ஒரு புத்தகம் அச்சாவது இந்த உறைகளால்தான், தந்தவர்களை மறக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டரை மணி நேர விழாவில் நயவுரை செய்தவர் உட்பட ஒருவரும் ஓர் அம்பாப் பாட்டையாவது வாசிக்கவில்லை. மேடையில் பொன்னாடை நடந்தது. பாட்டுகளைச் சொன்ன நான்கு முதியவர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள், அவர்களை எழுப்பி நிறுத்த எனக்கும் நேரம் தரவில்லை. பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் என்ற கயிறு சுற்றும் பொறியைப் பூட்டி வலை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள், வின்ச்சுக்குப் பாட்டு வேண்டாம். அந்த நால்வருக்குப் பின் இதைப் பாட யார் இருக்கிறார்கள்?

“கிண்டிலில் போட்டிருந்தால் காசே செலவில்லையே” என்று யாராவது கீழே எழுதுவீர்கள். அமேசானின் அந்த மின்னூல் தளத்தில் 2016 முதல் தமிழில் போடலாம், தெரியும். என் வாசகர்கள் அதில் வாசிக்கிறவர்கள் இல்லை. எண்ணிமப் பிரதி வேண்டும் என்பதற்காக, இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்தேன்.

விலை வைக்கும்போது கடைக் கழிவை நினையுங்கள். நான் 700 வைத்தேன். கடைக்கு 35 வீதம் போக 455 கிடைத்தது, அதாவது பிரதிக்கு 75 நட்டம். 950 வைத்திருக்க வேண்டும். விழாவில் 110 போனது, கடைகளுக்கு 60, வெளிநாட்டு உறவுகளுக்கு 50, இலவசமாக 40. மிச்சம் 40 பிரதி வாடைக்காற்று ஈரம் ஏறாமல் பொலித்தீனில் சுற்றி அலமாரிக்கு மேலே இருக்கிறது.

பக்கமும் பிரதி எண்ணிக்கையும் எழுதினால் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். புத்தகம் வீட்டுக்கு வந்து, நீங்கள் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்து முடித்த பிறகு மண்டபத்துக்கு முற்பணம் கட்டுங்கள்.